மூன்று தசம் மூன்று

பக்கத்து அரிசி ஆலை தொடங்கினால்
என் மேசை விளக்கு ஒருமுறை குனிந்து நிமிரும்.
விசுவமடுவில் மின்சாரமும்
ஆள் பார்த்துத்தான் மரியாதை கொடுக்கும்.

அப்படிக் குனிந்த ஒரு பின்னேரம்
நகுலேஸ்வரன் என் போன் கடைக்கு வந்தார்.
தலைமயிரில் உமி.
சேட்டுப் பையிலிருந்து எடுத்து வைத்ததை
பேனை என்று நினைத்தேன்.
பேர்ணிலிருந்து மச்சான் விட்டுப்போனதாம்,
நெருப்பில்லாத சிகரெட்டாம்.
"இழுத்தாத் தொண்டை எரியுது தங்கச்சி,
என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ."

அடியில் ஒரு வளையம்.
திருகத் திருகத் திரையில் எண் ஏறும், இறங்கும்.
நாலு தசம் எட்டில் நின்றது.
கழற்றினேன்:
நுளம்புக்கால் மொத்தத்தில் ஒரு கம்பிச் சுருள்,
அதற்குள் திணித்த பஞ்சு,
பஞ்சில் மாம்பழ மணம் போட்ட ஏதோ சாறு.
நடுவில் கறுப்பு.

"அண்ணை, நீங்கள் இவ்வளவு நாளும் இழுத்தது
கருகின பஞ்சை."
வோல்ட் இரண்டு மடங்கானால்
சூடு இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு என்றேன்.
"லீசிங்காரன்ர கணக்கு" என்றார்.
வெட்டு மெசின் வாங்கியவருக்கு
இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்று தசம் ஏழில் வைத்து
மீற்றரின் முனைகளைத் தொடுவித்தேன்.
மூன்று தசம் ஐந்துதான் காட்டியது.
"பொய் சொல்லுதோ?"
"கொஞ்சம் கூட்டிச் சொல்லுது.
வெளிநாட்டால வந்ததெல்லே."
அவர் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வந்தார்.
தானே திருகலாம், ஆனாலும்
என் மேசையில் வைத்து என்னைக்கொண்டு
ஒரு தசம் குறைப்பிப்பார்,
சாட்சிக்கு ஆள் வேண்டும் போல.
மூன்று தசம் ஆறு. ஐந்து.
நாலில் மூன்று கிழமை நின்றார்,
மகளின் சோதனை முடியட்டும் என்று.
மூன்று தசம் மூன்றில்
புகை சோற்றுப்பானை ஆவி போல வந்தது.
"இதுக்கே பழகீட்டன்" என்று வாசலில் நின்று ஊதினார்.

கைக்கு அது புதிதில்லை.
கரண்ட் இல்லாத காலத்தில்
கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றி
டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள்.
வேகமாய்ச் சுற்றினால் செய்தி கீச்சிடும்,
கை ஓய்ந்தால் வாசிப்பவர் பாதி வசனத்தில் செத்துப்போவார்.
எனக்கு ஒன்பது வயது.
ஆறு வோல்ட் எவ்வளவு என்று
என் தோள்மூட்டுக்குத் தெரியும்.
அந்தச் செய்திகளில் ஒன்றுகூட நினைவில்லை.

தை மாதம் மழை.
வெட்ட நின்ற நெல் தண்ணீரில் படுத்து
கதிரிலேயே முளைத்தது.
மெசின் பதினொரு நாள் படங்குக்குக் கீழே.

பன்னிரண்டாம் நாள் அவர் வந்தார், வெள்ளிக்கிழமை இல்லை.
ஒன்றும் சொல்லாமல் வைத்தார்.
நாலு தசம் எட்டு.
திறக்க முன்னமே கருகல் மணம்.
சுருளை மாற்றினேன், பஞ்சை மாற்றினேன்.
அவர் றோட்டைப் பார்த்தபடி நின்றார்,
பரந்தன் பஸ் போனது,
இன்னொன்றும் போனது.

வளையத்தை நான் தொடவில்லை.
உள்ளே மட்டும்
நெல்லுமணி அளவில் ஒரு தடையைப் பற்றவைத்தேன்.
திரை நாலு தசம் எட்டு என்றே சொல்லும்.
சுருளுக்குப் போவது
மூன்று தசம் மூன்று.

"எவ்வளவு?"
"அறுநூற்றைம்பது."
வாசலில் நின்று ஒரு இழுவை இழுத்தார்.
மெல்லிய ஆவி.
அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்,
பிறகு என்னை,
கொஞ்சம் நேரம்.

ஆலை நின்றது.
விளக்கு சட்டென்று கூடி எரிந்ததில்
இருவருமே கண்ணைச் சுருக்கிக்கொண்டோம்.
"வெள்ளிக்கிழமை வாறன்" என்றார்.